பாலிஷ் போடாத பெட்டி

பாலிஷ்காரர் குடியை விட்டுப் பதினோரு வருஷம். மரத்துக்குப் பூசுகிற ஸ்பிரிட்டையே குடித்த மனுஷன் என்பதால், கேனைத் திறக்குமுன் மனைவியைக் கூப்பிடுவார். அவள் ஈரக்கையோடு வந்து ஜெபித்த பிறகுதான் மூடியைத் திருகுவார்.

இன்று அவளுடைய சவப்பெட்டிக்கே பாலிஷ் போட உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில், “இந்தா, கொஞ்சம் வந்து நில்லு” என்று கூப்பிட்டும் விட்டார். யாரும் வரவில்லை. ஒரு மடக்குதானே, இன்றைக்கு யார் கேட்கப்போகிறார்கள் என்று சாத்தான் காதில் ஓதினான்.

“ஆண்டவரே, என்னால ஆகாது. நீரே பிடிச்சுக்கும்” என்று முழங்காலிட்டவர், எழுந்துபோய்க் கேனைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

“பெட்டி வெறும் மரமா இருக்கே, அத்தான்?” என்றான் மச்சினன்.

“உங்கக்கா பெட்டியையா பாப்பா? என் வாயைத்தான்டா மோந்து பாப்பா.”