விராலுக்கு வாங்கிய நரம்பு

மீன் கிடைக்காத தூண்டில்காரன் முதலில் தூண்டிலில் கட்டிய நைலான் நரம்பைத்தான் குறை சொல்வான். தன் கையைப் பற்றி அவனுக்கு எப்போதும் நல்ல அபிப்பிராயம் உண்டு. நானும் அந்த ரகம்தான். ஞாயிறு தவறாமல் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று, வெறும் பையோடு வீடு திரும்பி, அந்த ஆத்திரத்தில் புதிதாக ஒரு நரம்பு வாங்குவேன்.

ஜிலேபி மீனுக்கு மெல்லிசு போதும், கட்லாவுக்குத் தடிமன் வேண்டும் என்று கைப்பேசி வீடியோக்களில் பாடம் எடுத்தார்கள். தண்ணீருக்குள் மீன் கண்ணுக்கே தெரியாத நரம்பு ஒன்று இருப்பதாக ஒருவர் சொன்னார். விலையைப் பார்க்காமல் வாங்கினேன். எங்கள் ஏரித் தண்ணீரில் மீனுக்குத் தன் வாலே தெரியாது. ஆனால் கரையில் நின்ற எனக்கும் அந்த நரம்பு தெரியவில்லை. அதை முள்ளில் கோத்துக் கட்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

பொறுத்துப் பார்த்த மனைவி ஒருநாள் தீர்ப்பு சொன்னாள்.

"வர ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு மீன் வந்தா சரி. இல்லாங்காட்டி அடுத்த வாரத்துலேர்ந்து அண்ணன்கூட சைட்டுக்குப் போய்க்கினு இருங்க."

அவள் அண்ணன் பூந்தமல்லி தாண்டி ஓர் ஏரிக்கரையில் மனை விற்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை வேனில் அள்ளிக்கொண்டு போய், முட்புதரைக் காட்டி, "இங்கதான் சார் பார்க் வருது" என்பார். பக்கத்தில் நின்று ஆமாம் போட அவருக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை வாரத்தில் ஆறு நாளும் அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்தேன். எனக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமைக் காலை மட்டும்தான். அதுவும் போய்விடுமோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

விராலையே பிடித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். விரால் ஆகாயத்தாமரைக்கு அடியில் பதுங்கும். மாட்டினால் கொடியோடு சேர்த்து இழுக்க வேண்டும். சாதா நரம்பு ரப்பர் போல நீண்டு காலை வாரிவிடும். நூல் மாதிரிப் பின்னிய நரம்புதான் அதற்குச் சரி. வாங்கி, ரீல் நிறையச் சுற்றி, இரைக்குப் பதில் ரப்பர் தவளையைக் கட்டிக்கொண்டு போனேன்.

இரண்டாவது வீச்சிலேயே தவளையைக் கவ்வியது ஒரு விரால். ரீலைச் சுற்றினேன். கைப்பிடி சுற்றியது, மீன் வரவில்லை. பின்னல் நரம்பு வழுவழுப்பானது. அடியில் கொஞ்சம் சாதா நரம்பைச் சுற்றி அதன் மேல் இதைச் சுற்றாவிட்டால், ரீலைப் பிடிக்காமல் மொத்தமாக வழுக்கும். வீடியோவின் கடைசியில் அதைச் சொல்லியிருந்தார்களாம். நான் எதையும் பாதிக்கு மேல் பார்த்ததில்லை.

"இன்னா மாமே, சைக்கிளு ஓட்டிக்கினுகீறே?" என்றார் பக்கத்துத் தூண்டில்காரர்.

கையால் இழுத்தால் விரலை அறுத்தது. துண்டை மடித்து நரம்பை அதில் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தேன். கரையேறி, நடைபாதையைக் கடந்து, வாக்கிங் வந்தவர்களிடம் வசவு வாங்கி, சுற்றுச்சுவரில் முதுகு முட்டிய பிறகு பார்த்தால், நடைபாதை நடுவில் விரால் துள்ளிக்கொண்டிருந்தது. முழங்கை நீளம் இருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் மச்சானையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள் மனைவி. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. தோற்றவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டால் குழம்புக்கு ருசி கூடும்.

"நெஜமாவே நீதான் புட்ச்சியா மாப்ள?" என்று கேட்டவர், நடுத்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு முள்வரை சப்பி முடித்தார். பிறகு விரலைச் சூப்பியபடி சொன்னார்:

"நம்ம சைட்டாண்டயும் ஏரி கீது. நீ அங்க வந்து தூண்டி போடு. 'ஊட்டு வாசல்லயே மீன் புடிக்கலாம் சார்'னு பார்ட்டிகிட்ட காட்டுவேன்."

"அந்த ஏரியில முழங்கால் தண்ணிகூட இல்லையே மச்சான்? மீன் எப்படி இருக்கும்?"

"மீன் இன்னாத்துக்கு? நீ நின்னா போதும்."

பந்தயத்தில் ஜெயித்தது நான்தானே என்று மனைவியைப் பார்த்தேன். "உங்களுக்கும் மீன் புடிச்சா மாதிரி ஆச்சு, அண்ணனுக்கும் ஒத்தாசையா கீது," என்று அவள் எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மச்சானே எனக்கு நரம்பும் வாங்கிக்கொடுத்தார். வேனிலிருந்து பார்த்தாலே பளிச்சென்று தெரிகிற மஞ்சள் நிறம். போன ஞாயிறு ஆவடியிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர், நேராக என்னிடம் வந்து, "இங்க இன்னா சார் மாட்டும்?" என்று ஆசையாகக் கேட்டார். அவருக்குப் பின்னால் நின்று மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரால் சார்," என்றேன்.

அவர் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். இத்தனை வருஷத்தில், அந்த ஒரு விராலுக்கு அப்புறம் நான் பிடித்தது அவரைத்தான்.