இரண்டு அங்க அடையாளங்கள்

ஒன்றுமில்லாத உடம்பு

“சட்டையக் கழட்டட்டா சார்?” என்று கேட்டு முடிப்பதற்குள் கன்னியப்பன் மூன்று பொத்தான்களைக் கழற்றிவிட்டார். டைம் ஆபீசில் வருகைக் கணக்கு எழுத உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவனுக்கு மனிதன் என்றால் ஒரு பெயர், ஒரு டோக்கன் எண், இரண்டு அங்க அடையாளங்கள். நீங்களும் எங்காவது ஒரு குமாஸ்தாவின் முன் நின்று உங்கள் மச்சத்தைக் காட்டியிருப்பீர்கள். காட்டுகிறவருக்கு ஒரு நாள் கூச்சம். பார்க்கிறவனுக்கு மாதம் முழுவதும்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் இரும்பு வார்ப்பட ஃபாக்டரிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் மண்ணூரில் பதினைந்து வருஷம் ஏர் பிடித்துவிட்டு வந்தவர். ஆனால் அவரிடம் மச்சம் இல்லை. முழங்காலில்கூட ஒரு தழும்பு இல்லை. முதுகைத் திருப்பினார், காதை மடக்கினார், கால்விரல்களை விரித்தார். வரிசையில் பின்னால் நின்றவர்களும் சேர்ந்து தேடினார்கள். கடைசியில் என் பேனாவைப் பார்த்துச் சொன்னார்: “ஆண்டவன் எங்கிட்ட ஒண்ணும் எழுதல சார். நீயே பாத்து எதுனா ஒண்ணு வெச்சுடு.”

இடமும் வலமும்

முதல் நாற்பது அடையாளக் கார்டுகளை நான் பார்த்தபடியே எழுதினேன். எதிரில் நிற்பவரின் இடது கன்னம் எனக்கு வலது பக்கம் இருக்கும் என்பது உறைக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஷிப்ட் ஆரம்பித்து அரைமணி ஆகியும் உள்ளே ஓர் ஆள் இல்லை. கேட்டில் வாட்ச்மேன் ஏசுதாஸ் ஒவ்வொரு கார்டையும் முகத்தோடு ஒப்பிட்டு, “மச்சம் இடம் மாறிக்கீது, தள்ளி நில்லு” என்று ஓரங்கட்டிக்கொண்டிருந்தார். மானேஜர் என்னிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

வெயிலில் கிடந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்கள். கோபமில்லாமல் போனது ஸ்டெல்லா மட்டும். இடது புருவத்துக்கு மேல் ஒரு பெரிய மரு இருப்பதால் எப்போதும் முக்காட்டை அந்தப் பக்கம் இழுத்துவிட்டுக்கொள்கிற பெண். திருத்திய கார்டை வாங்கிக்கொண்டு சொன்னாள்: “என்னப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தினி நேரம் மூஞ்சியப் பாக்கல சார்.”

மூன்று ஏகாம்பரங்கள்

காஞ்சிபுரம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஃபாக்டரியில் “ஏகாம்பரம்” என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்புவார்கள். அதனால் சூபர்வைசர் ஒருவரை நெட்டை ஏகாம்பரம் என்றார், ஒருவரைக் கறுப்பு ஏகாம்பரம் என்றார். மூன்றாமவருக்குச் சின்ன வயதில் பெரியம்மை கண்டு முகமெல்லாம் குழி. மோல்டிங்கில், வார்ப்பு அச்சுக்கு மண் சலிக்கிற வேலை. பெயர் தானாக அமைந்துவிட்டது: சல்லடை. நானும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பழைய ஆட்களுக்கும் கார்டு போட்டு அவருடைய அடையாளத்தை எழுதியபோது, என்ன எழுதியிருக்கிறேன் என்று படித்துக் காட்டச் சொன்னார். “முகத்தில் அம்மைத் தழும்புகள்” என்று படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். “இவ்ளோ மரியாதையா யாரும் சொன்னதில்ல சார்” என்றார்.

விசாரிக்க வந்தவர்

பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடத்துக்கு வந்து சத்தமில்லாமல் விசாரித்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். குடிப்பாரா, வேலைக்கு ஒழுங்காக வருவாரா என்பதற்கெல்லாம் பதில் சொல்வதும் டைம் ஆபீஸ் வேலைதான். மண் சலிக்கிற ஏகாம்பரத்துக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று வீட்டார் அவரை நேரில் பார்த்தார்கள். போனவர்கள் பதில் சொல்லி அனுப்பவில்லை.

நாலாவதாக மணிமங்கலத்திலிருந்து பெண்ணின் அப்பா வந்தார். கேட்டில் ஏசுதாஸ், “எந்த ஏகாம்பரம்? சல்ல…” என்று ஆரம்பித்ததும் ஓடிப்போய் அவரை உள்ளே அழைத்துவந்தேன். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். ஸ்டூடியோக்காரர் டச் செய்து கொடுத்த படம். முகம் உரித்த முட்டை மாதிரி இருந்தது.

“இவருதானே சார்?”

“இவரேதான்,” என்றேன். ஒருநாளும் லேட்டாக வந்ததில்லை, பீடிகூடக் கிடையாது என்றேன். இரண்டும் உண்மை. போட்டோவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சங்கு ஊதியது. மோல்டிங் ஆட்கள் வெளியே வந்தார்கள். கரித்தூளில் கண்ணும் பல்லும்தான் தெரிந்தன. மூன்று ஏகாம்பரங்களின் முகமும் ஒரே மாதிரி இருந்தது. எனக்கு நிம்மதி. “ஏகாம்பரம், இவர் மணிமங்கலம். உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கார்,” என்றேன்.

ஏகாம்பரம் பெரியவரின் கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார். “ரெண்டு நிமிஷம் இருங்க,” என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்கு நடந்தார்.

“கழுவறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், வாய்யா,” என்றேன். அவர் திரும்பவில்லை. மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தார். பிறகு வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் பெரியவரின் முன்னால் வந்து நின்றார். முகவாயிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“இதாங்க ஐயா நம்ம மூஞ்சி. அதுல கீறது போட்டோக்காரரு கைவேலை.”

பெரியவர் முகத்தைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். போட்டோவைப் பையில் போட்டுக்கொண்டார்.

“காலைல எத்தினி மணிக்கு வூட்ட வுட்டுக் கிளம்பணும்?”

“அஞ்சரைக்குங்க.”

“எம் பொண்ணும் அந்நேரத்துக்கு எழுந்துக்கறவதான்,” என்றார்.

இருபத்தாறு வருஷ சர்வீசில் நான் கேட்காமலே அடையாளத்தைக் காட்டியவர் ஏகாம்பரம் ஒருவர்தான்; அதையும் மறைக்கப் பார்த்தவன், அடையாளம் எழுதச் சம்பளம் வாங்குகிற நான்.

பெரியவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். ஏகாம்பரம் அதில் முகத்தைத் துடைத்து, தன் தோளில் போட்டுக்கொண்டு, அவரோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தார்.