கஞ்சி போட்ட சாரம்

சண்டைக்குப் பயந்து சனங்கள் ஊரை விட்டு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், நாடு நாடாய்ச் சுற்றிவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பி வந்தவள் இன்பமலர். ஓரிடத்தில் அடங்கி இருக்கமாட்டாள். படிப்பு, வேலை எல்லாவற்றையும் பாதியில் விட்டவள். இந்த ஒன்றையாவது முடித்துக்காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள்: தொழில்நுட்பக் கல்லூரியில் அவளுடைய மாணவர்கள் செய்த, பந்தைக் கண்டு போய்ப் பிடிக்கும் ரோபோ.

நாளை கண்காட்சி. ரோபோவோ பந்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்று காற்றைப் பிடித்தது. கமராவுக்குத் தூரம் சரியாகத் தெரிய, கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பல கோணங்களில் காட்டிப் பழக்க வேண்டும். அச்சடிக்கப் போனால், கடையடைப்பு.

"ஜமால்தீன், உம்மட சாரத்தைக் கழற்றும்," என்றாள் மாணவனிடம்.

"மிஸ்!"

அவன் இடுப்பில் கட்டியிருந்தது கறுப்பு வெள்ளைக் கட்டச் சாரம். உள்ளே காற்சட்டை போட்டிருந்தும், வெட்கத்தில் யன்னல் சீலையை இடுப்பில் சுற்றிக்கொண்டு சாரத்தைக் கமராவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தான். கணினிக்கு முன்னால் இருந்த மற்ற மாணவி கமலேஸ்வரி சிரிப்பை அடக்கினாள். "பிழை கூடுது மிஸ். கட்டமெல்லாம் நெளியுது."

"ஆடாமப் பிடியும்!"

"நான் ஆடல்ல மிஸ். கடல் காத்துக்குச் சாரந்தான் ஆடுது."

கமலேஸ்வரி விடுதிக் குசினியில் கஞ்சி வாங்கி வந்தாள். சாரத்தைத் தோய்த்து, பலகையில் இழுத்து ஒட்டி, வெயிலில் சாத்தினார்கள். இன்பமலர் அதையே சுற்றிச் சுற்றி நடந்தாள். துறைமுகத்தில், நீருக்கடியால் யாரும் வராமலிருக்க, கடற்படை வழக்கம்போலத் தண்ணீருக்குள் வெடி போட்டது. நிலம் அதிர்ந்தது. மற்ற இருவரும் திரும்பியும் பார்க்கவில்லை. இன்பமலருக்குப் பொறுக்கவில்லை; காயுமுன் பலகையைத் தூக்கினாள். விரல் பட்டு ஒரு வரிசை முழுக்கக் கோணியது.

"போச்சு!" ஜமால்தீன் ஒரு கதிரையைக் கொண்டுவந்து நிழலில் போட்டான். "குறை நினைக்காதீங்க மிஸ், இதுல இருங்க. கமலேஸ், மிஸ்ஸைப் பாத்துக்கொள். சாரத்தைவிட இவங்கதான் கூட ஆடுறாங்க."

துணியை மறுபடி இழுத்து ஒட்டினார்கள். இன்பமலர் கைகளைத் தொடைக்கடியில் திணித்துக்கொண்டு இருந்தாள். அடுத்த வெடி கேட்டபோதும் அவள் எழும்பவில்லை.

வெயில் சாயும் நேரம் துணி விறைத்து நின்றது. இம்முறை கட்டங்களின் மூலைகள் எல்லாம் கமராவுக்கு அகப்பட்டன. ரோபோ ஊர்ந்து போய், சற்றுத் தயங்கி, பந்தைக் கவ்வியது.

"முடிஞ்சுது மிஸ்," என்றாள் கமலேஸ்வரி.

தன் வேலை ஒன்றைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லி இன்பமலர் கேட்டதில்லை. எழும்பி, பந்தைப் பிடுங்கி, அறையின் மறுமூலைக்கு உருட்டிவிட்டாள்.

"அங்கயும் போகட்டும், பாப்பம்."