பதில் சொல்லாத கேப்டன்

நான் விமானம் ஓட்டியவள். இன்சுலின் ஊசி போட ஆரம்பித்ததும் பறக்கும் உரிமை போய்விட்டது. சொந்த ஊரான புதுச்சேரிக்கே திரும்பி வந்தேன். இப்போது சனிக்கிழமைகளில் ஒரு பள்ளியின் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விமான இயக்கத்தின் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறேன். இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர், சக்கரம் வைத்த இரண்டு ஆபீஸ் நாற்காலிகள், ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக். அதுதான் எங்கள் விமானம். இடது நாற்காலியில் கேப்டன் நான். வலது நாற்காலியில் முறைவைத்து ஒரு பிள்ளை. மற்றவர்கள் பின்னால் பயணிகளாக நிற்பார்கள். அதிலும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை நடக்கும்.

பறந்த காலத்தில் இடிக்கும் மின்னலுக்கும் நான் பயந்ததில்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் பயம். பின்னால் அத்தனை பேர் நம்பி உட்கார்ந்திருக்கும்போது என் உடம்பு என்னைக் கைவிட்டுவிட்டால்? அதனாலோ என்னவோ, அந்தப் பாடத்தை மட்டும் விடாப்பிடியாக நடத்தினேன். துணை விமானி கேப்டனை இரண்டு முறை கூப்பிட வேண்டும். இரண்டாவதற்கும் பதில் இல்லையென்றால் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இருப்பவர்கள் கேப்டனின் தோளைப் பிடித்துச் சாய்த்து, கை கால் எதுவும் கருவிகளில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லாமல் கொள்ளாமல் தலையைத் தொங்கப்போட்டு நடிப்பேன்.

பிள்ளைகள் எல்லாம் ஒழுங்காகச் செய்தார்கள், ஒன்றைத் தவிர. டீச்சரைத் தொட மாட்டார்கள். நாற்காலியின் முதுகைப் பிடித்து என்னை அப்படியே உருட்டிப் பின்னால் கொண்டுபோய்விடுவார்கள். "தோளப் புடிங்கடா" என்று கத்திப் பார்த்தேன். "ஐயோ, வேணாம் மிஸ்" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். காரியம் நடந்தால் சரி என்று நானும் விட்டுவிட்டேன். 'புலி வருது' கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தச் சமயத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை காலை ஊசி போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழியில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு. பெரிய மார்க்கெட் பக்கம் வண்டிகள் நகரவே இல்லை. வெறும் வயிற்றோடு வகுப்புக்குள் ஓடினேன். அன்றைக்கு வலது நாற்காலியில் குருசுக்குப்பத்துப் பெண். அப்பா மீன்பிடிப் படகுக்காரர். இவளுக்கு விமானி ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கடல் பக்கமிருந்து நம் ஊர் ஓடுபாதையை நோக்கி நான் விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தேன்.

திரையில் இருந்த எண்கள் கலங்கின. கை நடுங்கியது. புரிந்துவிட்டது, சுகர் இறங்குகிறது. சொல்ல வாயெடுத்தேன். நாக்கு அசையவில்லை.

"கேப்டன் மிஸ், ஸ்பீடு கொறயுது" என்றாள் அந்தப் பெண். "கேப்டன் மிஸ்!" என்று மறுபடி கூப்பிட்டாள். காது நன்றாகக் கேட்டது.

"கன்ட்ரோல் எங்கிட்ட" என்று அறிவித்துவிட்டாள். என் நாற்காலி பின்னால் உருண்டது. "இன்னிக்கு கண்ணத் தொறந்துகிட்டே நடிக்கிறாங்கடா" என்று ஒரு பையன் சிலாகித்தான். நடிக்கவில்லை, நடிக்கவில்லை என்று உள்ளுக்குள் கத்தினேன். செத்துக்கொண்டிருக்கிறேன், இவர்கள் கைதட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆகாயத்தில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

அவள் தடுமாறினாள். ஓர் இறக்கை சாய்ந்தது. மற்ற நாட்களில் மயங்கிக் கிடக்கும் கேப்டனாக இருந்தாலும் என் வாய் சும்மா இருக்காது. "கண்ணு எங்க இருக்கு?" என்று பின்னாலிருந்தே பிடிபிடியென்று பிடிப்பேன். அன்று சத்தமே இல்லை.

"மிஸ் ஏன்டா திட்டல?" என்று கேட்டாள். ஜாய்ஸ்டிக்கைப் போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தாள். என் கன்னத்தில் கை வைத்தாள், கழுத்தில் வைத்தாள். "டேய், வேர்த்து ஜில்லுனு இருக்காங்கடா! எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆவும். ஓடுங்க, சக்கரை எடுத்தாங்க!"

யாரோ ஆசிரியர் அறைக்கு ஓடினார்கள். அவள் என் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, உள் கன்னத்தில் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தாள். "மிஸ், மிஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனையாவது முறையோ தெரியாது, "ம்" என்றேன்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த சர்க்கரைத் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். விமானம் கடலில் விழுந்து கிடந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்துவிட்டாள்.

"கைய வுட்டுட்டேன் மிஸ். எல்லாரும் செத்துட்டாங்க."

"நாங்கதான பேசஞ்சரு? நல்லாத்தான் இருக்கோம்" என்றான் ஒருவன். அவள் அவனைக் கண்டுகொள்ளாமல் என்னையே பார்த்தாள்.

"நெசமான ஃப்ளைட்டா இருந்தா என்னா பண்ணியிருக்கணும் மிஸ்?"

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இவள் தயவில்தான் அந்த நிமிடம் நான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு நாள் இவள் நிஜமாகவே அந்த வலது இருக்கையில் உட்காரக்கூடும்.

"மத்தவங்கள என்னைப் பாக்கச் சொல்லிட்டு, நீ ஃப்ளைட்டத்தான் பாத்திருக்கணும். கைய எடுத்திருக்கக் கூடாது."

"அவங்க உங்களத் தொட மாட்டாங்க மிஸ். நீங்க செத்துப் போயிருந்தா?"

"அப்பவும்."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி மிஸ்" என்றாள். பிடித்திருந்த என் கையை மட்டும் விடவில்லை.