பாபநாசத்தில் விட்ட வேட்டி

அகத்தியர் அருவியைப் பார்க்கப் போனபோது, சிப்ஸ் பாக்கெட்டைக் கீழே போட்ட மகளை அத்தனை பேர் முன்னால் திட்டினேன். பிறகு பாபநாசம் படித்துறையில் குளித்து உடை மாற்றியதும், பாவம் தொலையட்டும் என்று பச்சைக்கரை போட்ட ஈர வேட்டியை ஆற்றிலேயே விட்டேன். எல்லாரும் அப்படித்தான் விடுகிறார்கள். மகள் பக்கத்தில்தான் நின்றாள்.

சற்றுத் தள்ளி, ஆற்றில் கிடக்கும் துணிகளை அள்ளிக்கொண்டிருந்த பெண் தடுமாறித் தண்ணீருக்குள் விழுந்தார். மூச்சு வாங்க எழுந்து, காலைச் சுற்றியிருந்த துணியை உருவினார். பச்சைக்கரை வேட்டி.

"அண்ணாச்சி, இது ஒங்களுதா? நீங்க பாவத்த விட்டுட்டுப் போயிருதிய. அது எங்க கால்ல வந்துல்லா சுத்துது!"

"என்னோடது இல்லம்மா" என்றேன்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதன் பிறகு அவளை எதற்கும் அதட்ட எனக்கு வாய் வரவில்லை.