பத்து நாள் ஃப்ரெஷ்

காலை ஆறு நாற்பது. ஃப்ரீசரைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சங்கரா மீனின் கண். டப்பாவுக்குள் பனி படர்ந்து, என்னைப் பார்த்தபடி கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வாங்கியது. அன்று புதன்.

நாங்கள் குடியிருப்பது தேங்காய்த்திட்டில். மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போகலாம். காற்று திரும்பினால் துறைமுகமே வீட்டுக்கு வந்துவிடும். பதினெட்டு வருஷம், காலையில் கரைக்கு வந்த மீனை மதியம் தின்றவன் நான். நிறைவு என்று எனக்கு ஒன்று இருந்தது என்றால் அதுதான். வேறு எதையும் பெரிதாகச் சாதிக்கவில்லை.

ஆடித் தள்ளுபடியில் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் வாங்கினோம். பழையது நன்றாகத்தான் ஓடியது. எக்ஸ்சேஞ்சுக்கு அந்தத் தகுதி போதும் என்றார்கள். "மீன் பத்து நாள் ஃப்ரெஷ்ஷா இருக்கும் சார்" என்றார் விற்பனையாளர். தேங்காய்த்திட்டுக்காரர்கள் இருவரும் பக்தியோடு தலையாட்டினோம்.

வீட்டுக்கு வந்த பிறகு அதற்குள் வைக்க ஒன்றுமில்லை. ஒரு மாவுப் பாத்திரம், நாலு தக்காளி, பாதி எலுமிச்சை. கதவைத் திறந்தால் விளக்கு எரிந்து எங்கள் ஏழ்மையைக் காட்டியது.

"இவ்ளோ பெருசு வாங்கிட்டு காலியா வெச்சிருந்தா, பாக்குறவங்க என்னா நெனைப்பாங்க?" என்றாள் மனைவி. ஞாயிறுதோறும் நாலு நாளுக்கான மீனை மொத்தமாக வாங்கி அடுக்க ஆரம்பித்தாள்.

அந்தப் புதன்கிழமை, ஃப்ரீசரை நான் மூடுவதற்குள் தெருவில் மீன்காரம்மாவின் குரல். மனைவி வாசலுக்குப் போனாள்.

"இன்னைக்கி வேணாம்க்கா, ஞாயித்துக்கெழம வாங்குனது உள்ள இருக்குது."

"கடலையே வாங்கி உள்ள வெச்சிக்கினியா?" அந்தம்மா கூடையை இறக்கவே இல்லை. "மூணு நாள் மீன நான் குடுத்தா மூஞ்சில அடிப்ப. நீயே வெச்சா ஃப்ரெஷ்ஷு!" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாரு எளைச்சிட்டாரே."

சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு உறைத்தது. சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தேன். ஏலம் முடிந்து பெண்கள் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து, ரத்தச் சிவப்பாக இரண்டு சங்கரா வாங்கினேன். வெயில் ஏறுமுன் வீட்டில் இருந்தேன்.

மனைவியும் செவுளைப் பார்த்தாள். "நல்ல மீனுங்க" என்று மனதாரச் சொன்னாள். ஆய்ந்தாள், மஞ்சள் போட்டுக் கழுவினாள், டப்பாவை எடுத்தாள்.

"இன்னைக்கிக் கொழம்புக்குத்தானே வாங்கியாந்தேன்?"

"இது எங்க போவப் போவுது? மொதல்ல பழசு தீரட்டும்."

"அதுக்குள்ள இதுவும் பழசாயிடுமே?"

"அப்ப இத தீத்துக்கலாம்."

ஃப்ரீசரில் புதியதைப் பின்னால் தள்ளி, பழையதை முன்னால் இழுத்தாள்.

மதியம் ஞாயிற்றுக்கிழமைச் சங்கராவைச் சாப்பிட்டோம். தலை என் தட்டில் இருந்தது.