விசாரித்த இடத்தில் சொன்னார்கள்

மேட்டுப்பட்டியில் ஜெரோமின் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், பையனைப் பற்றி விசாரிக்கப் போகிறவர் ஜெரோம்தான். பையன் வீட்டுத் தெருமுனை டீக்கடையில் போய் உட்காருவார். நேராக எதையும் கேட்கமாட்டார். மழையில் தொடங்கி, ரோட்டைத் தோண்டிப் போட்டிருப்பதைக் குறை சொல்லி, இஸ்திரி போடுகிறவர், சலூன்காரர் என்று நாலு பேரிடம் பழகிவிட்டு எழுந்து வருவார். அதற்குள் பையன் குடிப்பானா, பெற்ற தாயிடம் எப்படிப் பேசுவான் என்பதெல்லாம் தெரிந்துவிடும். யார் சொன்னது என்று பெண்ணின் தகப்பனார் எத்தனை துருவினாலும், "விசாரிச்ச இடத்துல சொன்னாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். சொன்னவர் அந்தத் தெருவில் நாளைக்கும் நடமாட வேண்டுமே. விசாரிக்கப் போகிற எல்லோரும் காத்துவரும் முறை அது.

வேடசந்தூர் பக்கம் நூல் மில் ஒன்றில் பத்தொன்பது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் ஜெரோம். மில்லை மூடிய பிறகு ஒரு ஹார்டுவேர் கடையில் சேர்ந்தார். அந்த முதலாளி வாடிக்கையாளர்கள் முன்னால் பில் புத்தகத்தை அவர் முகத்தில் எறிந்தார். மூன்றாவது வாரமே ஜெரோம் நின்றுவிட்டார். அதன்பின் வீடு ஓடியது அவர் மனைவி கிளாராவின் தையல் மெஷினில்தான்.

செம்பட்டி ரோட்டில் ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனியில் ஸ்டோருக்கு ஆள் தேவை என்று தெரிந்ததும் கிளாரா சொன்னாள்:

"ஊருக்கெல்லாம் மாப்பிள்ளை விசாரிக்கிறீங்கள்ல. நம்மளுக்கும் ஒரு தடவை விசாரிங்க. போன தடவை மாதிரி போய் மாட்டிக்கிட்டு முழிக்காதீங்க."

அதனால் நேர்காணலன்று ஜெரோம் முன்கூட்டியே போய்விட்டார். கேட்டில் காவலுக்கு இருந்தவர் சோலைமுத்து. சித்தையன்கோட்டைக்காரர், அறுபதை நெருங்கியவர், முழங்காலில் நீலத் துணிப்பட்டை போட்டிருந்தார். இருக்கிற ஒரே ஸ்டூலை ஜெரோமுக்குத் தள்ளிவிட்டு, தான் சுவரில் சாய்ந்து நின்றார்.

"செத்த நேரம் உக்காருங்க தம்பி. மொதலாளி வார நேரந்தான்."

மழையில் தொடங்கிய பேச்சு முழங்கால் வலிக்கு வந்து, அங்கிருந்து முதலாளிக்குத் தானாகவே போனது.

"சம்பளமெல்லாம் தேதிக்குக் குடுத்துருவாரு, அதுல குறையே சொல்ல முடியாது. திட்ட மாட்டாரு. ஒரு சத்தம் கேக்காது. ஆனா மனசுல வச்சுக்குவாரு தம்பி. பிடிக்கலைன்னா ஆளைத் தூக்கி வேற எடத்துல போட்டுருவாரு. ஆபீஸ்ல இருந்த பிள்ளை ஒண்ணு லீவு கேட்டுச்சு. மறுநா சாக்கு தைக்கப் போயிருச்சு. அம்புட்டுத்தான். பாத்துச் சூதானமா இருந்துக்கங்க."

முதலாளி ஈஸ்வருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஜெரோம் உள்ளே போனதும் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். ஃபேனை இவர் பக்கம் திருப்பிவிட்டார். போன் அடித்தபோது எடுக்காமல் கவிழ்த்து வைத்தார். டீ கொண்டுவந்த பெண்ணுக்கு நன்றி சொன்னார். ஒவ்வொன்றையும் ஜெரோம் மனதில் குறித்துக்கொண்டார். முதலில் வந்த மூட்டை முதலில் வெளியே போக எப்படி அடுக்க வேண்டும், ஈரம் ஏறாமல் எப்படிக் காப்பது என்று ஈஸ்வர் கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னார்.

"நீங்க எதும் கேக்கணும்னாலும் கேளுங்க சார்," என்றார் ஈஸ்வர்.

அப்போதுதான் ஜெரோமுக்கு அந்த ஆசை வந்தது. கண்ணால் பார்ப்பது ஒன்றாகவும் காதால் கேட்டது வேறாகவும் இருக்கிறது, கேட்டே தெளிந்துவிடலாம். கிடைத்த வேலைக்குத் தலையாட்டுகிற ஆள் நாம் இல்லை என்பதும் இவருக்குத் தெரியட்டும்.

"கோவம் வந்தா நீங்க திட்ட மாட்டீங்களாம், ஆளை எடம் மாத்திருவீங்களாம். அது நெசமான்னு..."

ஈஸ்வர் சிரித்தார். "யாரு சொன்னா?"

ஜெரோமின் வழக்கமான பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஈஸ்வரின் பேனா விண்ணப்பத்தின் மேல் அப்படியே நின்றிருந்தது. மழுப்பினால் வேலை போய்விடுமோ என்று பயம் வந்தது.

"கேட்ல இருக்காரே, அந்தண்ணன்தான். நல்லவிதமாத்தான் சொன்னாரு."

ஈஸ்வர் போனில் மெதுவாக, "சோலைமுத்தண்ணனை வரச் சொல்லுங்க," என்றார்.

சோலைமுத்து செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். ஜெரோமைப் பார்த்து முகம் மலர்ந்தது. "என்ன தம்பி, அமைஞ்சிருச்சா?"

"அண்ணே, முட்டி வலி எப்படி இருக்கு?" என்று ஈஸ்வர் கேட்டார்.

"இருக்கு மொதலாளி. முன்னைக்குப் பரவால்ல."

"நாளையிலருந்து குடோன்ல லோடு பக்கம் நில்லுங்கண்ணே. கேட்டுக்கு வேற ஆளைப் போட்டுக்கிறேன். வாரவங்க போறவங்ககிட்ட பேசிக்கிட்டு நிக்கிற செரமம் உங்களுக்கு இருக்காது பாருங்க."

சோலைமுத்து முதலாளியைப் பார்த்தார். பிறகு ஜெரோமைப் பார்த்தார். ஜெரோம் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க," என்று சொல்லிவிட்டு சோலைமுத்து வெளியேறினார்.

"சார், அவரு தப்பா ஒண்ணும் சொல்லல," என்றார் ஜெரோம். "வயசானவரு. மூட்டை பக்கமெல்லாம்..."

"அவரு சொன்னது நெசந்தான் சார். நீங்களே பாத்துட்டீங்களே." ஈஸ்வரின் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "நானும் உங்களைப் பாத்துட்டேன். கேட்ட ஒடனே பேரைச் சொன்னீங்க. குடோன்ல ஆளுக என்ன பேசிக்கிறாங்கன்னு எனக்குச் சொல்றதுக்கு ஒருத்தர் வேணும். திங்கக்கிழமை வந்துருங்க."

எழுந்து வந்துவிட வேண்டிய இடம் அது. ஜெரோமுக்கு அது நன்றாகத் தெரிந்தது. கிளாரா கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற காட்சியும் கூடவே தெரிந்தது.

"வாரேன் சார்," என்றார்.

கேட்டைத் திறந்துவிட்டவர் சோலைமுத்துதான்.

"அண்ணே, நான் வேணும்னு..."

"பஸ் வார நேரம். போங்க சார்."

காலையில் வாய்க்கு வாய் தம்பி என்றவர். அந்த 'சார்' பஸ்ஸில் வீடு வரைக்கும் ஜெரோமின் கூடவே வந்தது.

வீட்டில் கிளாரா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "மொதலாளி எப்படிப்பட்ட ஆளு?"

"சத்தம் போடமாட்டாரு."

"அது நல்லதாச்சே. யாரு சொன்னா?"

ஜெரோம் முகம் கழுவப் போய்விட்டார்.

அங்கே வேலைக்குச் சேர்ந்து இது இரண்டாவது வருடம். குடோனில் என்ன பேச்சு என்று ஈஸ்வர் சனிக்கிழமை தோறும் கேட்பார். ஒன்றும் இல்லை என்பார் ஜெரோம். சோலைமுத்தை மறுபடி கேட்டில் போடச் சொல்லிக் கேட்பார். பார்க்கலாம் சார் என்பார் ஈஸ்வர், சிரித்த முகமாக. ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் வாங்கும்போது சோலைமுத்து இடது காலைத் தரையில் தேய்த்துத்தான் நடக்கிறார். லாரி வரும் நேரங்களில் ஜெரோம் ஸ்டோர் அறையின் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்.

தன்னை யார் காட்டிக்கொடுத்தது என்பதைச் சோலைமுத்து ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜெரோமைக் குடோனில் யாரும் பக்கத்தில் சேர்த்திருக்கமாட்டார்கள். இப்போதோ மதியம் சாப்பிட அவர்களே கூப்பிடுகிறார்கள். மாட்டேன் என்று சொல்லக் காரணம் கிடைக்காமல் அவரும் போய் உட்காருகிறார்.

போன வாரம் அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, லோடுமேன் வீரன் பேச்சை எடுத்தான்.

"சோலைமுத்தண்ணனை எவனோ போட்டுக்குடுத்திருக்கான் சார். அவன் மட்டும் யாருன்னு தெரிஞ்சுச்சு..."

ஜெரோம் வாயில் இருந்த சோற்றை மெல்லாமல் வைத்திருந்தார்.

"சோத்தைத் தின்னுடா," என்றார் சோலைமுத்து. "அவனுக்கு என்ன கஷ்டமோ."

பிறகு தன் தூக்குவாளியின் மேல்தட்டை ஜெரோமின் பக்கம் நகர்த்தினார். கத்தரிக்காய்ப் பொரியல் இருந்தது.

"வெறுஞ்சோத்தைச் சாப்பிடுறீங்களே. வெஞ்சனம் எடுத்துக்கங்க சார்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெரோம் எடுத்துக்கொண்டார்.